இரண்டு கையையும் தூக்கியவள்

எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு கையைத் தூக்கினால் பேச வேண்டும் என்று பொருள். இரண்டு கையையும் தூக்கினால் பேசிக்கொண்டிருப்பவன் வாயை மூட வேண்டும் என்று பொருள். விதிமுறைப் புத்தகத்தில் இதற்கு ‘விவாதத்தை முடிக்கக் கோருதல்’ என்று கௌரவமான பெயர் உண்டு. ரோஸ்டாக் நகரில் முயல் வளர்ப்போர் சங்கம் முதல் தேவாலயப் பாடகர் குழு வரை எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம். இரண்டு கை எழுந்ததும் பேச்சை நிறுத்தி வாக்கெடுப்புக்குப் போய்விடுவார்கள். நான் ஒரு கையைத் தூக்கியதைவிட இரண்டு கையைத் தூக்கியதுதான் அதிகம். முப்பத்து நாலு வருஷம் ட்ராம் ஓட்டியவள் நான். தண்டவாளத்தில் நின்று கதை பேசுகிறவனைப் பார்த்தால் தானாக மணியடிக்கிற கை இது.

எங்கள் சங்கத்தின் வேலை ஒரு இணையச் சர்வரை ஓட்டுவது. யாரோ ஒரு பெரிய முதலாளியின் தளத்தில் கோடிப் பேரோடு கும்பலாகக் கிடக்காமல், நாங்களே ஒரு சின்னத் தளம் வைத்திருக்கிறோம். நானூற்றுச் சொச்சம் பேர் அதில் எழுதுகிறார்கள். இப்படி உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான தளங்கள். எழுத்துக்குச் சில, படத்துக்குச் சில, வீடியோவுக்குச் சில, வாதம் பண்ணுவதற்கென்றே சில மன்றங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ஆள், தனி விதி, தனிச் சண்டை. ஆனால் தண்டவாள அகலம் எல்லாவற்றுக்கும் ஒன்று, அதனால் ஒரு டிப்போவின் வண்டி அடுத்த ஊர் நிறுத்தத்திலும் போய் நிற்கும். எங்கள் சங்கத்து டோர்பென் தன் சைக்கிளைப் பற்றி ஒரு வீடியோ தளத்தில் போடுவான். நான் எங்கள் தளத்திலிருந்தபடியே ‘சங்கிலி துருப்பிடித்திருக்கிறது’ என்று அதன் கீழே எழுதுவேன். கொலோனில் ஏதோ ஒரு மன்றத்தில் உட்கார்ந்திருப்பவன் ‘உனக்கென்ன தெரியும் கிழவி’ என்பான். மூன்று பேரும் மூன்று வெவ்வேறு இடம், சண்டை மட்டும் ஒன்று. இந்த ஏற்பாட்டுக்கு ஃபெடிவெர்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் சகிக்காது, ஏற்பாடு அழகானது.

பிடிக்காத தளத்தோடு உறவை அறுத்துக்கொள்ளும் உரிமையும் ஒவ்வொரு தளத்துக்கும் உண்டு. நாங்கள் அறுத்துவிட்டால் அங்கே இருப்பவர்கள் எழுதுவது எங்களுக்கு வராது, எங்களுடையது அவர்களுக்குப் போகாது. அந்த உரிமையை நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்பதைச் சொல்வதற்கு முன்னால் என் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஹார்ட்மூட் என்னைவிட இரண்டு வயது இளையவன். விஸ்மார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். ரோஸ்டாக்கிலிருந்து விஸ்மாருக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். மூன்று வருஷமாக நாங்கள் பேசுவதில்லை. அம்மாவை அடக்கம் செய்த அன்று, எல்லாரும் காப்பியும் கேக்குமாக உட்கார்ந்திருந்த இடத்தில், நாற்பது பேர் காதில் விழும்படி நான் அவனைக் கேட்டேன்: “கிறிஸ்துமஸ் விருந்து வாத்து மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை தலைகாட்டுனவனுக்கு அழுகை என்னடா வேண்டிக்கிடக்கு?” அவன் கேக்குத் தட்டோடு எழுந்து வெளியே போனவன், திரும்பி வரவில்லை. ஒரு மாதம் கழித்து அம்மாவின் சாமான்களை எடுக்க முதியோர் இல்லத்துக்குப் போனேன். வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு புதன்கிழமைக்கும் நேரே அவன் கையெழுத்து இருந்தது. எனக்குப் புதன்கிழமை வேலை நாள். அம்மாவுக்கோ யார் வந்தார்கள், யார் போனார்கள் என்ற ஞாபகமே இல்லை. அன்றே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கம் பழையதாக ஆக ஆக இன்னும் கெட்டியாகிவிட்டது.

பிறகு ஒரு நாள் என் போனில் ‘ஹார்ட்மூட் உங்களைப் பின்தொடர்கிறார்’ என்று வந்தது. சுயவிவரப் படத்தில் அவனுடைய மூக்கு. அப்பாவுக்கும் எனக்கும் அதே மூக்கு, வேறு யாருக்கும் இருக்க வாய்ப்பில்லை. ஒரு வாரம் வீம்பாக இருந்துவிட்டு நானும் பின்தொடரக் கேட்டேன். வாழ்க்கையில் சைக்கிளைக்கூடப் பூட்டாதவன், அவன் கணக்குக்குப் பூட்டுப் போட்டிருந்தான். பின்தொடர வேண்டுமென்றால் அவன் சம்மதிக்க வேண்டும். நாலு நிமிஷத்தில் சம்மதம் வந்தது.

அவன் இருந்தது படங்களுக்கான ஒரு தளம். காலை ஆறரைக்கு ஒரு பதிவு போடுவான். கடலோர நாணலில் நிற்கிற சாம்பல் நாரை, நாலு படம். அடுத்த நாளும் நாரை. கீழே ‘காலை’ என்றோ ‘செப்டம்பர்’ என்றோ ஒரே ஒரு சொல். நான் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நட்சத்திரம் போடுவேன். இங்கே நான் போடுகிற நட்சத்திரம் அங்கே போய்ச் சேரும்போது இதயமாகிவிடும், அது அந்தத் தளத்தின் வழக்கம். நான் ட்ராமைப் பற்றி ஏதாவது எழுதினால் அவனும் ஒரு நட்சத்திரம் போடுவான். நான் அவனுக்கு ஒரு வார்த்தை எழுதியதில்லை, அவனும் எனக்கு எழுதியதில்லை. ஆனாலும் தினமும் காலையில் தம்பி உயிரோடு இருக்கிறான் என்று எனக்குத் தெரியும், அக்கா உயிரோடு இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். எனக்கு அவனிடம் மிச்சமிருந்தது அவ்வளவுதான், அதை இழக்க நான் தயாராக இல்லை.

இனி உருளைக்கிழங்கு சாலட். பிப்ரவரியில் என் சாலட்டைப் படமெடுத்துப் போட்டேன். மயோனைஸ், முட்டை, ஊறவைத்த வெள்ளரி, எங்கள் கடலோரத்தில் மனிதர்கள் சாப்பிடுகிற முறைப்படி. ஸ்டுட்கார்ட் பக்கத்து ஆள் ஒருவன், மாட்டிறைச்சிச் சாறு ஊற்றித் தின்கிற கூட்டம், கீழே வந்து எழுதினான்: ‘இது சாலட்டா, சுவரில் காகிதம் ஒட்டுகிற பசையா?’ நான் சும்மா இருப்பேனா? நாலு நாளில் முந்நூறு பதில். மன்றத்திலிருந்து ஆள் வந்தான், வீடியோ தளத்திலிருந்து ஒரு சமையல்காரன் வந்தான், ஆஸ்திரியாவிலிருந்து ஒருத்தி வந்து இரண்டு பக்கத்தையும் திட்டினாள். அந்த ஸ்டுட்கார்ட்காரன் ப்ளெண்டெ என்கிற படத் தளத்தில் இருந்தான். அதை நடத்துகிறவர்களுக்குப் புகார் அனுப்பினேன். ‘உருளைக்கிழங்கு எங்கள் விதிகளில் வராது’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

ப்ளெண்டெயோடு உறவை முறிக்க வேண்டும் என்று பொதுக்குழுவுக்குத் தீர்மானம் எழுதினேன். பதினாலு நாளுக்கு முன்பே, எழுத்து மூலமாக, மூன்று பிரதிகள். எங்கள் தலைவர் ஸீக்பெர்ட் வரி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரதிகளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் மாதம், ஞாயிறு பிற்பகல், தோட்டக்காரர் சங்கத்தின் பின்னறையில் பத்தொன்பது பேர் கூடினோம். ஆறாவது பொருள் என் தீர்மானம். சர்வரைப் பார்த்துக்கொள்கிற டோர்பென் எழுந்தான். முப்பத்தெட்டு வயது, பனிக்காலத்திலும் அரைக்கால் சட்டை. பகலில் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறான்.

“வாக்கெடுப்புக்கு முன்னாடி, தடை போட்டா என்னென்ன ஆகும்னு சின்னதா ஒரு விளக்கம். இருபத்திரண்டு ஸ்லைடுதான்.”

அறை முழுக்க ஒரு முனகல் ஓடியது. டோர்பென் நல்லவன், ஆனால் மணி என்னவென்று கேட்டால் கடிகாரம் செய்வது எப்படி என்று தொடங்குவான். வெவ்வேறு தளங்கள் ஒன்றோடொன்று பேசும்போது எது போய்ச் சேரும், எது சேராது என்று படம் போட்டு, அம்பு போட்டுக் காட்டினான். ஒன்பதாவது ஸ்லைடு வந்தபோது மணி நாலு. ருபார்ப் கேக் மூன்றரைக்கே வெட்டியிருக்க வேண்டும்.

“அடுத்த ரெண்டு ஸ்லைடும் ரொம்ப முக்கியம்,” என்றான் டோர்பென். “தயவுசெஞ்சு இத மட்டும் கவனிங்க…”

நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

“ரோஸ்விதா விவாதத்த முடிக்கச் சொல்றாங்க,” என்றார் ஸீக்பெர்ட், மகிழ்ச்சியை மறைக்காமல். “எதிர்ப்பு உண்டா?”

“எனக்கு உண்டு!” என்றான் டோர்பென்.

“சரி, வாக்குக்கு விடுவோம். முடிச்சிடலாம்ங்கறவங்க?”

பதினேழு கை. கேக்கின் மகிமை. பிறகு தீர்மானத்துக்கு வாக்கெடுப்பு. ஆதரவு பதினாலு, எதிர்ப்பு இரண்டு, மூன்று பேர் எதிலும் சேரவில்லை. எல்லாரும் விரல் முட்டியால் மேஜையைத் தட்டினார்கள், எங்கள் ஊரில் கைதட்டல் அப்படித்தான். டோர்பென் மடிக்கணினியைத் திறந்து, இரண்டு தடவை அழுத்தி, “ஆச்சு, போச்சு,” என்றான். நான் கேக்கை வெட்டினேன். அன்று எனக்கு எல்லாரும் கண் வைக்கிற ஓரத்துத் துண்டு கிடைத்தது. வெற்றி பெற்றவளுக்கு அது உரியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை நாரை வரவில்லை. தூங்கிவிட்டிருப்பான் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. போன் கெட்டுப்போயிருக்கும். புதன்கிழமை காலை ஆறரைக்குக் காப்பியோடு உட்கார்ந்தவள் ஏழரை வரைக்கும் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தொன்பது வயது ஆண், தனியாக இருக்கிறான், சாப்பாட்டில் பாதி கொழுப்பு. அவன் பெயரைத் தேடினேன். ‘யாரும் இல்லை’ என்றது போன். இருக்கிறானா என்று கேட்டால் இல்லை என்று பதில் வருவது எவ்வளவு கெட்ட விஷயம் என்று அன்று தெரிந்தது. அவனுடைய தொலைபேசி எண் என்னிடம் இருந்தது, அழுத்த மனம் வரவில்லை. நேரே டோர்பென் பட்டறைக்குப் போனேன்.

“என் தம்பி காணாமப் போயிட்டான்.”

“போலீஸ்ல சொன்னீங்களா?”

“போன்ல காணாமப் போயிட்டான்டா.”

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். “எந்தத் தளத்துல இருக்கார்?”

“ஹார்ட்மூட்.”

“அது பேரு. அதுக்கு அப்புறம் ரெண்டாவது பாதி ஒண்ணு இருக்குமே, வீட்டு முகவரி மாதிரி.”

எனக்கு எப்படித் தெரியும்? கண்ணுக்காக எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன். பெயர் முடிந்ததும் மூன்று புள்ளி வந்து நிற்கும், அதற்கு மேல் நான் பார்த்ததில்லை. படத் தளங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, இவன் எதில் இருந்தால் எனக்கென்ன என்று இருந்துவிட்டேன். டோர்பென் என் பழைய மின்னஞ்சல்களைத் துழாவி, முதன்முதலாக வந்த அறிவிப்பைக் கண்டுபிடித்தான். அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு திரும்பவும் படித்தான்.

“ப்ளெண்டெ,” என்றான்.

நான் பக்கத்தில் இருந்த சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். “எடுத்துவிடு.”

“எத?”

“தடைய எடுத்துவிடு. இப்பவே.”

“பொதுக்குழு தீர்மானம் அது. நான் எடுக்க முடியாது. எடுத்தாலும் பிரயோஜனம் இல்ல, ரோஸ்விதா. தடை போட்ட அந்த நிமிஷமே ரெண்டு பக்கமும் யார் யாரப் பின்தொடர்ந்தாங்களோ அத்தனையும் அறுந்து போச்சு. அறுநூத்திப் பதினொண்ணு. தடைய எடுத்தா வழி திறக்கும், அறுந்தது திரும்ப ஒட்டாது. ஒவ்வொருத்தரும் புதுசாக் கேக்கணும்.”

“இத ஏன் முன்னாடியே சொல்லல?”

“பத்தாவது ஸ்லைடு,” என்றான் டோர்பென். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

தம்பிக்கு அவன் பக்கத்தில் என்ன தெரியும் என்று கேட்டேன். “நீங்க இல்லைன்னு தெரியும். ஏன்னு தெரியாது. நீங்களா விட்டுட்டுப் போன மாதிரிதான் இருக்கும்,” என்றான். அங்கேயே நின்று ஸீக்பெர்ட்டுக்குப் போன் போட்டேன்.

“சிறப்புப் பொதுக்குழு கூட்டணும்னா மூணுல ஒரு பங்கு உறுப்பினர் எழுத்துல கேக்கணும்,” என்றார் அவர். “அப்புறம் பதினாலு நாள் முன்னறிவிப்பு.”

“என் தம்பி செத்துக்கிடந்தா?”

“இரங்கல் தீர்மானம்னா முன்னறிவிப்பு தேவையில்ல.”

நான் அவரைச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. டோர்பென் போனை என் கையிலிருந்து மெல்ல வாங்கி வைத்துவிட்டு, “உயிரோட இருக்காரான்னு மட்டும்தான பாக்கணும்?” என்றான். “நம்ம தளம் வழியாத்தான் வராது. அவங்க தளத்துக்கு நேரா வெளியாள் மாதிரிப் போய்ப் பாக்கலாம். பின்தொடரத்தான் பூட்டு, படம் எல்லாருக்கும் தெரியும்.”

பட்டறைக் கணினியின் பெரிய திரையில் தம்பியின் பக்கம் திறந்தது. இன்று காலை ஆறரைக்கு நாரை. நேற்று நாரை. எனக்கு மூச்சு வந்தது. முட்டாளே, நாயே, உயிரோடு இருக்கிறாயா என்று திரையைப் பார்த்துத் திட்டினேன். டோர்பென் இன்றைய பதிவைத் திறந்து, ஓரத்தில் இருந்த அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனான். நாரை, நாரை, நாரை, நாரை. ஐந்தாவதாக ஒரு சமையலறை வந்தது. மேஜைமேல் இரண்டு காப்பிக் கோப்பை, எதிரில் குளியல் அங்கியில் ஒரு பெண் வாயைக் கோணி அழகு காட்டிக்கொண்டிருந்தாள்.

“யார் இது?” என்றேன்.

“உங்க தம்பி, உங்களுக்குத்தான் தெரியணும்.”

“இந்தப் படம் எங்கேருந்து வந்துச்சு? நான் பாத்ததே இல்லையே.”

டோர்பென் தலையைச் சொறிந்தான். “அவங்க தளத்துல ஒரு பதிவுக்கு இருபது படம் வரைக்கும் போடலாம். நம்மளோடது பழைய ஏற்பாடு. வெளியேருந்து வர்றதுல முதல் நாலு படத்த மட்டும் எடுத்துக்கும்.”

“மீதி?”

“விட்டுரும்.”

“சொல்லாமலா?”

“பதினோராவது ஸ்லைடு,” என்றான்.

நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூன்று வருஷத்தையும் பார்த்தேன். ஒவ்வொரு பதிவிலும் முன்னால் நாலு நாரை இருந்தது. பின்னால் என் தம்பி இருந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில், முழங்காலில் கட்டோடு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு இருந்தான். கீழே மூன்று இதயம், அதில் ஒன்று என்னுடையது. அடுத்த மாதம் ஒரு மண்மேடும் அதன்மேல் நாய்ச் சங்கிலியும். அவனுடைய பழைய நாய் பாட்ஸி செத்திருக்கிறது, அதற்கும் நான் இதயம் போட்டிருக்கிறேன். அம்மா பிறந்தநாளன்று அவள் கல்லறையில் மஞ்சள் டூலிப் பூக்கள். போன ஆகஸ்டில், நாலு நாரைக்குப் பின்னால், ஒரு காகிதத்தைப் படமெடுத்துப் போட்டிருந்தான். அவன் கையெழுத்தில்: ‘செப்டம்பர் 13, விஸ்மார் நகர மன்றத் திருமண அறை, காலை பதினொன்று. லோரெயும் நானும். இதைப் பார்க்கிற அளவுக்குப் பொறுமையாகப் படங்களைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் வரலாம். ரோசி, நீயும்.’

அதற்கும் ஒரு இதயம். என்னுடையதுதான். ஆறு முப்பத்தொன்றுக்குப் போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 14. நாரை, நாரை, நாரை, நாரை. பிறகு ஒரு விருந்து மேஜை, எல்லாரும் எழுந்து போன பிறகு எடுத்தது. ஒரு தட்டு மட்டும் யாரும் தொடாமல் இருந்தது. அதன்மேல் சின்ன அட்டையில் ‘ரோஸ்விதா’. யாரோ கீழே, இது யாருடைய இடம் என்று கேட்டிருந்தார்கள். ஹார்ட்மூட் பதில் எழுதியிருந்தான்: ‘என் அக்காவுடையது. பார்த்துவிட்டாள். இதயம்கூடப் போட்டிருக்கிறாள்.’

டோர்பென் எனக்கு ஒரு துணியை நீட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சங்கிலி எண்ணெய்த் துணி. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, முகம் முழுக்கக் கறுப்பு. அதைக் கழுவ எனக்கு அன்று அரை மணி நேரமானது. கழுவிக்கொண்டே என் தம்பியாக என்னை நினைத்துப் பார்த்தேன். கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறான், அக்கா ஒரு நிமிஷத்தில் இதயம் போடுகிறாள், வருவதில்லை. காலி இடத்தைப் படம் போடுகிறான், அதற்கும் இதயம் போடுகிறாள். இப்படிப்பட்ட அக்காவை நானாக இருந்தால் கடலில் தள்ளியிருப்பேன். இவன் மறுநாளும் படம் போட்டிருக்கிறான்.

ஸீக்பெர்ட்டின் பதினாலு நாளுக்கு நான் காத்திருக்கவில்லை. மறுநாள் காலை ரயில் ஏறினேன். வழி நெடுகச் சொல்ல வேண்டியதைத் தயார் செய்தேன், விஸ்மாரில் இறங்கும்போது எல்லாம் மறந்துவிட்டது. பழைய வீடுதான், மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவள் அந்தக் குளியல் அங்கிக்காரி. கையில் தூசி உறிஞ்சும் குழாய். என்னை மேலும் கீழும் பார்த்தாள். மூக்கைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

“ஓஹோ,” என்றாள் லோரெ. “இதயம் போடுற அக்காவா?”

“ஆமாங்க.”

“உங்களப் பாத்தா என்ன கேக்கணும்னு ஏழு மாசமா யோசிச்சு வச்சிருக்கேன். எல்லாம் கெட்ட வார்த்தை.”

“கேளுங்க. நியாயந்தான்.”

அவள் கேட்பதற்குள் ஹார்ட்மூட் நடைவழியில் வந்து நின்றான். ஒரு காலைக் கொஞ்சம் இழுத்தான். தலைமுடி போய்விட்டிருந்தது. நேற்று வரை நாரைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அதெல்லாம் எப்படித் தெரிந்திருக்கும்?

“ஞாயித்துக்கிழமையிலேருந்து உன்னக் காணோம்,” என்றான். “இத்தனைக்கும் அப்புறம் இதயமும் வேணாம்னு நீ முடிவு பண்ணிட்டன்னு நெனச்சேன்.”

“நாலு படம்தான்டா தெரிஞ்சுது,” என்றேன்.

“என்னது?”

“ஒவ்வொரு தடவையும் முதல் நாலுதான். எங்க தளத்துக்கு அவ்வளவுதான் வரும். ஒரு பெட்டி ட்ராம்ல அஞ்சாவது ஆள ஏத்தாத மாதிரி… இல்ல, அப்படியில்ல. எனக்கு விளக்கத் தெரியல, டோர்பென்கிட்ட ஸ்லைடு இருக்கு. உன் கால் எனக்குத் தெரியாது. நாய் செத்தது தெரியாது. கல்யாணம் தெரியாதுடா. நேத்துதான் பாத்தேன்.”

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். கணக்குப் போடுகிறவனைப் போல உதடு அசைந்தது.

“அப்ப இந்த மூணு வருஷமும் நீ என்னதான் பாத்த?”

“நாரை.”

“நாரை மட்டுமா?”

“நாரை மட்டும். நல்லாத்தான் இருந்துச்சு. பொழுது விடிஞ்சா அதத்தான் பாப்பேன்.”

“எனக்கு நாரையே பிடிக்காது, ரோசி,” என்றான் ஹார்ட்மூட். “அதுங்க நாத்தம் உனக்குத் தெரியுமா? ஊர்ல கண்டவன் நம்ம வீட்டுச் சமாச்சாரத்தப் பாக்கக் கூடாதுன்னு முன்னாடி நாலு பறவையப் போட்டேன். பொறுமையில்லாதவன் நாலோட போயிடுவான். கடைசி வரைக்கும் தள்ளுறவ நீ ஒருத்திதான்னு நெனச்சுப் போட்டது.”

லோரெ குழாயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரித்துக்கொண்டே அப்படியே உள்ளே போய்க் காப்பி குடித்து, எதையும் சொல்லாமல் தப்பித்திருக்கலாம். அதற்கான வழியும் திறந்துதான் இருந்தது. ஆனால் இனி எந்த வழியாகவும் நான் சொல்ல வேண்டியது பாதி மட்டும் போய்ச் சேரக் கூடாது என்று எனக்கு இருந்தது.

“புதன்கிழமை புதன்கிழமை நீ அம்மாவப் பாக்க வந்திருக்க,” என்றேன். “ரிஜிஸ்டர்ல கையெழுத்தப் பாத்தேன். மூணு வருஷமாத் தெரியும். தெரிஞ்சும் வாயத் திறக்கல. நாப்பது பேர் முன்னாடி உன்னச் சொன்னது பொய். என்ன மன்னிச்சிடுடா.”

லோரெ சிரிப்பை நிறுத்திவிட்டாள். ஹார்ட்மூட் வலிக்கிற முழங்காலை ஒரு தடவை தடவிக்கொண்டான்.

“இன்னொரு தடவை சொல்லு,” என்றான். “லோரெ சிரிச்சிட்டிருந்தா, அவ காதுல விழுந்திருக்காது.”

“மன்னிச்சிடு.”

“இன்னொரு தடவை.”

இரண்டாவது தடவை அப்படிக் கேட்கும்போது அவன் குரல் உடைந்துபோயிருந்தது. நான் சொன்னேன்.